மேப் மேடமும் ஒரு மூட்டை பிளீச்சிங் பவுடரும்

எங்கள் நகரில் எல்லோரும் அவரை மேப் மேடம் என்றுதான் கூப்பிட்டோம். உண்மைப் பெயர், கேஸ் சிலிண்டர் கொண்டுவருகிறவருக்கு மட்டும் தெரியும். நகர் என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். பெரம்பலூரிலிருந்து துறையூர் போகிற சாலையில், பருத்தியும் மக்காச்சோளமும் விளைந்துகொண்டிருந்த மானாவாரிக் காட்டை மனைகளாகப் பிரித்து, முன்னால் ஒரு வளைவு கட்டி, அதன்மேல் நகர் என்று எழுதிவிட்டார்கள். வளைவைத் தாண்டி வந்தால் இருபது, இருபத்தைந்து வீடு, ஏராளமான வேலிக்கருவை, நடுவில் அரை ஏக்கருக்கு ஒரு திடல். மனை விற்கிறபோது காட்டிய வரைபடத்தில் அந்தத் திடலுக்குப் 'பூங்கா' என்று பெயர் எழுதி, மரம் மாதிரி நாலு வட்டம் போட்டிருந்தார்கள். அந்த நாலு வட்டத்தைப் பார்த்துத்தான் நான் மனை வாங்கினேன். ஐம்பது வயதில் ஒருவன் வட்டத்தைப் பார்த்து மயங்கினால் அதற்கு ஊர் என்ன செய்யும்?

ஓய்வுபெற்று, வீடு கட்டிக் குடிவந்த வாரம் என் தம்பி வந்திருந்தான். வாசலில் நின்று அவனுக்குத் திடலைக் காட்டினேன்.

"எதிர்ல பாரு. மொத்தமும் காலி. காத்து பிச்சுக்கிட்டு வரும்."

"காத்து வருதுல்லங்க சார்? அப்புறம் எப்படி காலிங்கிறீங்க?" என்று முதுகுப் பக்கம் ஒரு குரல்.

திரும்பினேன். ஒல்லியான அம்மாள், அறுபதை நெருங்குகிற வயது, ஒரு கையில் பால் பாக்கெட். இன்னொரு கையை நீட்டித் திடலை மூலை மூலையாகக் காட்டினார். "அந்தப் பக்கம் எருமை கட்டியிருக்கு. இங்க சோளம் காயுது. நடுவுல பசங்க பிட்ச் போட்டிருக்காங்க. ஓரமா போவுது பாருங்க ஒத்தையடிப் பாதை, பின் தெரு சனம் பஸ்ஸுக்கு அதுலதான் போவுது. இத்தனை நடக்குது, காலியாம்ல!" என்றவர், "நீங்க எதுல வேலை பாத்தீங்க?" என்று கேட்டார்.

"பஸ் டிப்போங்க. டைம் கீப்பர்."

"போறது வர்றத எழுதுற வேலை. கண்ணு இருந்திருக்கணுமே," என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

தம்பி இரவுச் சாப்பாடு வரைக்கும் சிரித்தான். ஊருக்குப் போன பிறகும் போன் செய்து சிரித்தான்.

அவர் நகரமைப்பு அலுவலகத்தில் வரைவாளராக இருந்து ஓய்வு பெற்றவர். வாழ்நாளில் பாதியை ஒரே வேலையில் கழித்திருந்தார். ஒவ்வொரு நிலத்துக்கும் நேரில் போய், அங்கே இன்றைக்கு என்ன நடக்கிறது என்று பார்த்து, வரைபடத்தில் அதற்கு ஒரு நிறம் தீட்டுவது. வீட்டுக்கு மஞ்சள், கடைக்கு நீலம், ஆலைக்கு ஊதா, பூங்காவுக்கும் விளையாட்டுத் திடலுக்கும் பச்சை. ஒன்றும் நடக்காத இடத்துக்கு நிறம் கிடையாது, வெள்ளையாக விட்டுவிட வேண்டும். "பட்டாவுல என்ன இருக்குங்கிறது வேற ஆபீஸ். நாங்க போன அன்னைக்கு என்ன இருக்கோ, அதுதான் எங்க கணக்கு" என்பார்.

இதனால் அவருக்கு வந்த வியாதிதான் காலி என்ற சொல்லைக் கேட்டால் முகம் சுண்டிப்போவது. ஒருமுறை பாடாலூரிலிருந்து ஒரே பஸ்ஸில் வந்தோம். "பின்னாடி சீட்டு காலியா இருக்கு, உள்ள போங்கம்மா" என்றார் கண்டக்டர். மேடம் எட்டிப் பார்த்துவிட்டு, "காலி இல்லீங்க, கீரைக்கூடை உக்காந்திருக்கு" என்று நின்றுகொண்டே வந்தார். அவர் நிற்கிறபோது நான் உட்கார முடியுமா? மரியாதைக்காக நானும் நின்றேன். என் முழங்கால் இன்றுவரை அந்தக் கீரைக்கூடையை மறக்கவில்லை.

அவர் வீட்டு மாடியை வாடகைக்கு விட ஒரு போர்டு மாட்டியிருந்தார். வாத்தியார் ஒருவர் குடும்பத்தோடு வந்து, "மாடி காலிதானுங்களே?" என்று கேட்டார்.

"இல்லீங்க. வடகம் காயுது."

வாத்தியார் வந்த வழியே போனார். போர்டு அப்படியே தொங்கியது.

இப்படிப்பட்டவர் இருக்கிற நகரில் குடியிருப்போர் சங்கத்துக்கு நான் செயலாளர். தேர்தல் நடந்த அன்று வராதவன் நான் ஒருவன்தான். ஆகவே ஒருமனதாக என்னைத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள்.

பதவிக்கு வந்த பிறகுதான் திடலின் கதை தெரிந்தது. மனை போட்டவர் அதைத் தானமாக நகராட்சிக்கு எழுதிக் கொடுத்திருக்க வேண்டும். எழுதாமலே இறந்துபோனார். காகிதத்தில் அது இன்னும் அவர் குடும்பத்தின் நிலம். அவருடைய மருமகன் மாதம் ஒருமுறை காரில் வந்து, கண்ணாடியை இறக்கி, திடலைப் பார்த்துவிட்டுப் போவார். கல்யாணத்துக்குப் பெண் பார்க்க வந்தவர் மாதிரி ஒரு பார்வை. கார் வந்த நாளெல்லாம் எனக்குச் சோறு இறங்காது. அந்த நாலு வட்டத்தில் எட்டு மனை போடலாம் என்று எனக்கே தெரியும்போது அவருக்குத் தெரியாதா?

அந்தச் சமயத்தில்தான் டவுனுக்கு மாஸ்டர் பிளான் போடப் போகிறார்கள், வீதி வீதியாக சர்வே எடுக்க ஆள் வருகிறார்கள் என்று செய்தி வந்தது. மேடம் என் வீட்டுக்கே வந்துவிட்டார். நாற்காலியில் உட்காரவில்லை.

"சார், இது நல்ல நேரம். திடல்னு பச்சை போட்டுட்டா, அதை வச்சு நகராட்சில கேக்கலாம், தானப் பத்திரம் வாங்குங்கன்னு. வெள்ளையா விட்டுட்டா அந்த மருமகன் மனை போட்டுருவான். நான் திருமழபாடில அக்கா பேத்தி வளைகாப்புக்கு நாலு நாள் போறேன். அதுக்குள்ள அவங்க வந்தா, நீங்க ஒண்ணும் பண்ணாதீங்க. அது அது இருக்கிற எடத்துலயே இருக்கட்டும். புரியுதா? ஒண்ணுமே பண்ணாதீங்க."

"கவலைப்படாம போயிட்டு வாங்க மேடம்" என்றேன். ஒன்றும் செய்யாமல் இருப்பதில் எனக்கு முப்பது வருட அனுபவம்.

அவர் பஸ் ஏறிய மறுநாளே, நாளைக் காலை சர்வேக்காரர்கள் நம் நகருக்கு என்று தகவல் வந்தது. என்ன ஆயிற்றோ எனக்கு. நம் பக்கத்தில் ஆபீசர் வருகிறார் என்றால் அதற்கென்று ஒரு முறை இருக்கிறது. டிப்போவுக்கு ஜி.எம். வந்தால் நாய்களை விரட்டுவோம், ஓரமெல்லாம் பிளீச்சிங் பவுடரால் கோடு போடுவோம். முப்பது வருடமாகக் கோடு போட்ட கை, ஓய்வுபெற்றுச் சும்மா கிடந்த கை. அது அரிக்க ஆரம்பித்துவிட்டது.

சோளம் காயவைக்கிற அக்காவிடம் போய், "ஆபீசர் வர்றாரு, ஒரு நாளைக்கு அள்ளிக்கம்மா" என்றேன். எருமைக்காரரிடம், "அசிங்கமா இருக்கு, ஓட்டிட்டுப் போங்க" என்றேன். பிட்சில் நட்டிருந்த குச்சிகளை நானே பிடுங்கினேன். ஒற்றையடிப் பாதையின் இரண்டு முனையிலும் முள்ளை வெட்டிப் போட்டேன், யாரும் குறுக்கே நடந்து மானத்தை வாங்கக்கூடாது என்று. கடைசியில் ஒரு மூட்டை பிளீச்சிங் பவுடர் வாங்கிவந்து நாலு பக்கமும் நேர்க்கோடு போட்டேன். என் மனைவி வாசலில் நின்று பார்த்தாள்.

"மேடம் ஒண்ணும் பண்ண வேணாம்னாங்கல்ல?"

"சுத்தம் பண்றது ஒண்ணும் பண்றதா?"

காலையில் திடல் மொட்டைத் தலை மாதிரி பளபளத்தது. பைக்கில் இரண்டு இளைஞர்கள் வந்தார்கள், கையில் ஆளுக்கொரு டேப்லெட். நாலு பக்கமும் போட்டோ எடுத்தார்கள். மோர் கொடுத்தேன். ஒருவர் குடித்துவிட்டு மரியாதையாகக் கேட்டார்: "சார், இந்த எடத்துல என்ன நடக்குதுங்க?"

நெஞ்சை நிமிர்த்தினேன். "ஒண்ணும் நடக்காதுங்க தம்பி. சுத்தமா காலியா வச்சிருக்கோம்."

அவர் எதையோ தட்டினார். "உங்க பேரு, இன்ஷியலோட சொல்லுங்க சார்." சொன்னேன். எழுத்துப் பிழை வந்துவிடக்கூடாதே என்று எட்டிப் பார்த்துச் சரிகூடச் செய்தேன்.

பைக் வளைவைத் தாண்டியதும்தான் நான் சொன்ன சொல் எனக்கே கேட்டது. சாலைவரை ஓடினேன். அவர்கள் போயே போய்விட்டார்கள். திரும்பி வந்து திடலைப் பார்த்தேன். நாலு பக்கமும் வெள்ளைக் கோடு. விற்பதற்கு அளந்து வைத்த மனை அப்படித்தான் இருக்கும்.

மேடம் ஊரிலிருந்து வந்து முதல் கேள்வியே, "வந்தாங்களா?"

"வந்தாங்க."

"என்ன கேட்டாங்க?"

"ஒண்ணும் கேக்கலைங்க. பாத்தாங்க, போயிட்டாங்க."

மேடம் திடலோரத்து வெள்ளைக் கோட்டை ஒருமுறை பார்த்துவிட்டுப் போனார். அதற்குப் பிறகு அவரைக் கண்டால் நான் பாதை மாறினேன். பால் வாங்க அவர் ஆறு மணிக்குப் போவார், நான் ஐந்தரைக்குப் போனேன். ஐந்தரைக்குப் பால் வராது. பால் இல்லாத காப்பிக்குக் காரணம் கேட்ட மனைவியிடம் சர்க்கரை வியாதி என்றேன். பொய்க்குப் பொய் வட்டி போட்டுக்கொண்டே போனது. பத்தே நாளில் மருமகனின் ஆட்கள் வந்து திடலின் ஒரு பக்கம் வரிசையாகக் கல் நட்டார்கள். தலையில் மஞ்சள் பெயின்ட் அடித்த கல். நான் ஜன்னலுக்குப் பின்னால் நின்று எண்ணினேன். மேடம் நேராக அங்கே போய்க் கேட்டார். "காலி எடத்துல கல்லு நட்டா உங்களுக்கு என்னங்கம்மா? சர்வேலயே காலின்னுதான் வந்திருக்காம்" என்றான் ஒருவன்.

மறுநாள் காலை மேடம் என் ஸ்கூட்டர் பக்கத்தில் வந்து நின்றார். "வரைவு மேப் ஆபீஸ்ல ஒட்டியிருக்காங்களாம். வாங்க, பாத்துட்டு வந்துடலாம்."

வயிறு சரியில்லை என்று சொல்லிப் பார்த்தேன். "ஸ்கூட்டருக்கு நல்லாத்தான இருக்கு?" என்று பின்னால் ஏறி உட்கார்ந்துவிட்டார்.

அலுவலகத்தின் நடையில் பெரிய வரைபடம். சுற்றிலும் மஞ்சளும் நீலமும். எங்கள் நகரின் நடுவில் மட்டும் ஒரு வெள்ளைச் சதுரம், பல் விழுந்த இடம் மாதிரி. மேடம் அதன்மேல் விரலை வைத்துக்கொண்டு, பக்கத்தில் இருந்த இளநிலை உதவியாளரிடம் கேட்டார். அவர் கம்ப்யூட்டரைத் தட்டி உரக்கப் படித்தார்:

"வெற்று மனை. அருகில் வசிப்பவர் கூற்று: இங்கு எதுவும் நடப்பதில்லை, காலியாக வைத்துள்ளோம். கூறியவர்..." என்று என் பெயரையும் படித்தார். இன்ஷியலோடு. பிழையில்லாமல்.

மேடம் என்னைப் பார்க்கவில்லை. "ஆட்சேபணை கொடுக்க எத்தனை நாள்?" என்று மட்டும் கேட்டார்.

"முப்பது நாளுங்கம்மா. ஆனா கூற்று சொன்னவரே மாத்தி எழுதிக் குடுத்தாத்தான் நிக்கும்."

திரும்பி வருகிறபோது பின்சீட்டிலிருந்து திட்டு வரும் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் பரவாயில்லை. நாலு ரோட்டில் பச்சை விழுந்தும் எனக்கு வண்டி நகரவில்லை, பின்னால் லாரிக்காரர் என் குலத்தையே விசாரித்தார். வளைவுக்குப் பக்கம் வந்ததும் மேடம், "நிறுத்துங்க" என்றார். இறங்கினார்.

"சார், அரியலூர்ப் பக்கம் ஒரு ஊரு. வேலைக்குச் சேந்த புதுசு. பெரிய களம் ஒண்ணு. நான் போனது ஆடி மாசம், அறுப்பு இல்ல, ஒரு ஆளு இல்ல. வெய்யில் வேற. காலின்னு எழுதி, வெள்ளையா விட்டுட்டு வந்துட்டேன். சில வருசம் கழிச்சு அந்த வழியா பஸ்ல போனேன். களத்துல கல்லு மண்டியும் லாரி செட்டும் நிக்குது. சனம் கம்புக் கதிரை ரோட்டுல போட்டு அடிக்குது. பஸ்ஸு அது மேல ஏறித்தான் போச்சு. நானும் அதுலதான் உக்காந்திருந்தேன்."

நான் ஸ்கூட்டர் கண்ணாடியைத் துடைத்தேன். பதில் சொல்லத் தெரிந்திருந்தால் செயலாளராகியிருப்பேனா?

"நீங்க ஒரு நாளுல பண்ணினதைத்தான் நானும் பண்ணினேன். எனக்கு முப்பது நாளு யாரும் குடுக்கல. போயி எழுதுங்க."

எழுதினேன். மறு ஆய்வுக்கு அதிகாரி நேரில் வருவார், என்றைக்கு என்று சொல்ல மாட்டோம் என்று பதில் வந்தது. அதுதான் என் வாழ்க்கையிலேயே நீளமான மாதம். ஏனென்றால் நான் ஒரே நாளில் காலி செய்த திடல் திரும்ப நிறையவில்லை. முள்ளை எடுத்துவிட்டேன், குச்சியை நட்டுவைத்தேன், யாரும் வரவில்லை. வந்த மாதிரி நாலு பேரை நிறுத்திவைக்கலாமா என்று மேடத்திடம் கேட்டேன். "நாடகம் போட வேணாம். தொரத்துனது நீங்கதான, போயி கூப்பிடுங்க" என்றார்.

சோளத்து அக்கா பெரிய சாலை ஓரத்தில் காயவைத்துக்கொண்டிருந்தார். லாரிகள் உரசிக்கொண்டு போயின.

"ஏஞ் சார், ஆபீசர் கண்ணுல சோளம் பட்டா உறுத்துமா?"

"தப்புதாம்மா. வந்துரு."

"நீங்க இன்னிக்கு வாங்கிறீங்க, நாளைக்கு ஒரு மந்திரி வந்தா அள்ளுங்கிறீங்க. இங்கயாவது லாரிக்காரன் டயர்ல ஒட்டுனதைத்தான் எடுத்துக்கிட்டுப் போறான். மொத்தமா போவச் சொல்லல." முகத்தைத் திருப்பிக்கொண்டவர், கொஞ்சம் கழித்து, "சாக்கைத் தூக்குவீங்களா?" என்றார். ஆறு சாக்கு. என் முதுகு அன்றிலிருந்து வேறொருவருடைய முதுகு.

எருமைக்காரர் இன்னும் மோசம். "எம்மாட்டுக்கு ரோசம் ஜாஸ்தி சார். அசிங்கம்னு சொன்ன எடத்துக்கு வராது. நீங்களே கூப்புடுங்க, வருதா பாப்போம்." நகரின் செயலாளர், ஓய்வுபெற்ற அரசுப் போக்குவரத்து ஊழியர், ஒரு எருமையின் முன்னால் நின்று, "வாம்மா" என்றேன். தெருவே பார்த்தது. அது என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு வந்தது. என் மனைவி வாசலில் நின்று, "இத்தனை நயமா என்னைக் கூப்பிட்டதில்ல" என்றாள்.

விளையாடுகிற பசங்கள்தான் கடைசிவரை இழுத்தடித்தார்கள். அவர்கள் ஏரிக்குள் வேறு பிட்ச் பார்த்துவிட்டார்கள். அபராதமாக நான் ஒரு ஓவர் பந்து போட வேண்டும் என்றார்கள். போட்டேன். அந்த ஓவர் இன்னும் முடியவில்லை என்று சொல்கிறார்கள், அத்தனை வைடு.

மேடம் ஒரு நீள நோட்டு வாங்கி, தினமும் சாயங்காலம் யார் வந்தார்கள், என்ன நடந்தது என்று எழுத ஆரம்பித்தார். எனக்கோ வளைவில் எந்த வண்டிச் சத்தமும் அதிகாரியின் ஜீப்பாகவே கேட்டது. தண்ணீர் லாரிக்கெல்லாம் எழுந்து நின்று வணக்கம் வைத்தேன்.

அதிகாரி ஜீப்பில் வரவில்லை. ஒரு முற்பகல், தனியாக, ஒற்றையடிப் பாதை வழியாக நடந்து வந்தார். நான் பார்த்தபோது திடலின் நடுவில் நின்று தன் ஷூவைத் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். எருமை தன் கூற்றை அதில் பதிந்திருந்தது.

போச்சு என்று நினைத்தேன். சோளத்தைக் கிளறிக்கொண்டிருந்த அக்கா செம்பில் தண்ணீர் கொண்டுவந்தார். மேடமும் நோட்டோடு வந்துவிட்டார். அதிகாரி ஷூவைக் கழுவிக்கொண்டே, "முன்னாடி கூற்று குடுத்தது யாரு?" என்றார்.

"நான்தாங்க சார்."

"இவ்வளவு நடக்குது. அன்னைக்கு மட்டும் ஏன் ஒண்ணும் நடக்கல?"

அக்கா, எருமைக்காரர், மேடம், எதிர் வாசலில் என் மனைவி, எல்லோரும் என் வாயைப் பார்த்தார்கள்.

"நான் நடக்க விடலைங்க சார். நீங்க வர்றீங்கன்னு எல்லாரையும் தொரத்திட்டேன். சுத்தமா இருந்தா நல்லதுன்னு நெனைச்சேன். இவங்க மேல தப்பில்ல. என் புத்திதான்."

அதிகாரி சிரிக்கவில்லை. கல் வரிசையை எண்ணினார். பாதையின் அகலத்தை அளந்தார். வெகுநேரம் எழுதினார். மேடம் கொஞ்சமும் கூச்சமில்லாமல் அவர் தோளுக்கு மேலாக எட்டிப் படித்தார். பிறகு மேடம் என்னைப் பார்த்து லேசாகத் தலையசைத்தார். பச்சை.

"அம்மா, இது இன்னைக்கு நிலவரம்தான்" என்றார் அதிகாரி. "பத்திரம் எழுதி வாங்கற வரைக்கும் இன்னும் எத்தனையோ பேரு வந்து பாப்பாங்க. அவங்க வர்றப்பவும் இப்படியே இருக்கணும்."

"இவரு பாத்துக்குவாரு" என்றார் மேடம்.

அப்போதே அவருக்குத் தெரிந்திருக்கிறது, எனக்குத்தான் தெரியாது. அடுத்த மாதமே அரியலூரில் இருக்கும் மகள் வீட்டுக்கே போய்விட்டார், நோட்டையும் எடுத்துக்கொண்டு. வருடங்கள் ஆகின்றன. பத்திரம் இன்னும் எழுதப்படவில்லை. கல் பிடுங்கப்படவில்லை. மருமகனின் கார் மாதம் ஒருமுறை இன்னும் வருகிறது, எனக்கு இன்னும் சோறு இறங்குவதில்லை. தினமும் சாயங்காலம் ஆறு மணிக்கு மேடத்திடமிருந்து போன் வரும். நலமா என்று ஒருநாளும் கேட்டதில்லை. "இன்னிக்கு யாரு வந்தாங்க?" என்பார். நான் சொல்லச் சொல்ல, அங்கே பேனா ஓடுகிற சத்தம் கேட்கும்.

போன ஐப்பசியில் இரண்டு நாள் விடாத மழை. சோளம் இல்லை, மாடு இல்லை, பசங்கள் இல்லை. பாதையில் முழங்கால் தண்ணீர். அன்றைக்குப் பார்த்து அந்தக் கார் வந்து வளைவுக்குள் வெகுநேரம் நின்றது. ஆறு மணிக்குப் போன்.

"யாரு வந்தாங்க?"

பொய் சொல்ல வாய் தயாராகத்தான் இருந்தது. "யாரும் வரலைங்க மேடம். மழை."

பேனா நின்றுவிட்டது.

"கார் வந்துச்சா?"

"வந்துச்சு."

"அப்ப நீங்க எங்க இருந்தீங்க?"

"நடுவுல. குடையைப் புடிச்சுக்கிட்டு நின்னேன். அது போறவரைக்கும்."

அந்தப் பக்கம் தாளைத் திருப்புகிற சத்தம்.

"ஒருத்தர்னு எழுதிக்கிறேன்" என்று சொல்லிப் போனை வைத்தார்.